மூன்று மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

1

இந்தக் கதை என்னிடம் சிரிப்பாகத்தான் வந்தது. மரக்காணத்தில் உரக்கடை மாடியில் நடக்கும் மாலை நேரக் கணினி வகுப்பில் என் பக்கத்து நாற்காலி ஆண்ட்ரூஸுடையது. அனுமந்தைக்காரர். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், கம்ப்யூட்டரில் பில் போடக் கற்றுக்கொள்ள வருகிறார். ஒரு நாள் பாடத்தின் நடுவே கரண்ட் போய்விட்டது. இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர், "உப்பு மூட்டையைக் கார்ல உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவன் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வகுப்பே சிரித்தது. கரண்ட் வந்த பிறகும் பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தினமும் ஏதாவது எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு இதை எழுத உட்கார்ந்தேன். சிரிப்பு முதல் பத்தியோடு தீர்ந்துவிட்டது. மீதி இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன். எண் போட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. இதுவரை வந்ததில்லை.

2

தொடக்கம் ஒன்று: "மாயவன் தன் காரை உயிருக்கு உயிராக—"

இல்லை. அவனுக்குக் காரின் மேல் அப்படியொன்றும் பிரியம் இல்லை. உப்பு வியாபாரி ஒருவரிடம் டிரைவராக இருந்தான். அவர் புதுக் கார் எடுத்தபோது பழையதை இவன் தலையில் கட்டிவிட்டார். சின்ன கார். எந்தக் கம்பெனி என்பது கதைக்கு வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: "மாசி பிறந்தது. பாத்திகளில் முதல் உப்பு வெள்ளி போலப் பூத்து—"

இதையும் அடிக்கிறேன். நான் உப்பு வாரியதில்லை. வாரியவர்களுக்கு அது வெள்ளியாகத் தெரிவதில்லை. கண் கூசுகிறது, கால் வெடிக்கிறது.

தொடக்கம் மூன்று: மாயவனின் அக்கா ஞானாம்பாள், புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். உப்பளத்தில் வேலை பார்த்தாள். 2005-ஆம் வருஷ உப்புப் பருவம் முடிகிற சமயத்தில் கூடையோடு வரப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மழை முடிந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தகடு வைத்தார்கள். "வாரத்துக்கு மூணு நாள் கூட்டிட்டு வந்து பயிற்சி குடுக்கணும். அடுத்த மழைக்குள்ள காலை மடக்க வரலைன்னா இடுப்பு இறுகிடும், அப்புறம் நடக்கவே முடியாது" என்றார் டாக்டர்.

இதை வைத்துக்கொள்கிறேன். அழகு இல்லை, ஆனால் இதில் பொய்யும் இல்லை. ஞானாம்பாள் நடப்பாளா மாட்டாளா என்பதுதான் இந்தக் கதை. மற்றதெல்லாம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும்.

3

மாயவனின் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர உப்பளத்தின் கரை மேல் ஒரு மண் பாதை உண்டு. சுனாமி நிவாரண லாரிகள் ஓடி ஓடி அதில் விழுந்த பள்ளங்களை அடுத்து வந்த மழை குட்டையாக்கிவிட்டது. மெயின் ரோட்டை எட்டிவிட்டால் அனுமந்தை, கீழ்புத்துப்பட்டு என்று புதுச்சேரி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகலாம். அந்த முதல் மண் பாதைதான் எமன். காரில் இருந்த பழைய ஷாக் அப்சர்பர்கள் எண்ணெய் கக்கிச் செத்துப்போயிருந்தன. ஆபரேஷன் முடிந்து அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அந்தப் பாதையில் அவள் போட்ட சத்தம் மாயவனுக்கு ராத்திரித் தூக்கத்தில்கூடக் கேட்டது. அதனால்தான் அவன் ஆண்ட்ரூஸிடம் வந்தான்.

"நாலு ஸ்பிரிங்கு, நாலு ஷாக்கு, புஷ்ஷு எல்லாம் சேர்த்து கிட்டாவே வருது மாயவா. மூணு வகை இருக்குது. எது வேணும்?"

"அக்காவுக்கு வலிக்காதது."

"அப்படி ஒரு கம்பெனியும் எழுதி விக்கிறதில்லபா."

முதல் வகை சிவப்பு ஸ்பிரிங். வண்டியைத் தரையோடு இறக்கிவிடும், வளைவில் சாயாது. "பாண்டி பசங்க இதைத்தான் கேக்கறாங்க" என்றார் ஆண்ட்ரூஸ். "எங்க ரோட்டுல இறக்கினா வண்டி படகாயிடும்" என்று மாயவன் தள்ளிவிட்டான்.

இரண்டாவது மெத்தென்று இருப்பது. காலியாக ஓட்டினாலும் தாலாட்டும். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் வண்டியின் அடி தட்டும்.

மூன்றாவது ஷேர் டாக்சிக்காரர்கள் போடுவது. தடித்த ஸ்பிரிங். வண்டியை இரண்டு விரல்கடை தூக்கும். "இது லோடு கிட்டு. ஆளு உட்கார்ந்தாத்தான் இது வேலை செய்யும். காலியா ஓட்டினா முதுகெலும்பை எண்ணிக் காட்டிடும். அதனால முதல்ல இதைச் சொல்லு. எத்தனை பேர் போவீங்க?"

மாயவன் யோசிக்கவே இல்லை. "பின்னாடி அக்கா. புடிச்சுக்க பக்கத்துல வசந்தா. தூக்கி இறக்க நம்ம சடையப்பன் வர்றேன்னு சொல்லியிருக்கான்."

வசந்தா அவன் மனைவி. சடையப்பன் பங்காளி, பக்கத்து வீடு.

[கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ரூஸ் கேட்டது வண்டிக்காரனிடம் கேட்கிற சாதாரணக் கேள்வி. மாயவன் சொன்னதும் பொய் இல்லை. அந்த நிமிஷம் அவன் கண்ணுக்குள் மூன்று பேரும் காரில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். முதல் பிரதியில் "பாவம், அவனுக்கு அப்போது தெரியாது" என்று எழுதினேன். எழுதியவனுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிற வாக்கியம் அது. எடுத்துவிட்டேன்.]

4

"அப்ப அக்காவை ஒரு தடவை ஏத்திட்டு வா. ரெண்டு கிட்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்துடலாம்" என்றார் ஆண்ட்ரூஸ்.

"ஐயையோ! அது ஆவாது."

நோயாளியைச் சும்மா வண்டியில் ஏற்றி இறக்கக் கூடாது. ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு ஒத்திகை பார்த்தால் அந்தப் பயணம் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதைச் சொல்வார்கள். ஆண்ட்ரூஸும் மறுக்கவில்லை. "எங்க தெருவுலயும் அப்படித்தான் பேசுவாங்க" என்றார்.

பிறகு எதை வைத்துப் பார்ப்பது? உப்பளத்துக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? அங்கே கிணற்றுக் கயிறு தாங்குமா, பரண் தாங்குமா, மாட்டு வண்டி அச்சு தாங்குமா என்று எதைப் பார்ப்பதற்கும் மூட்டைதான். மாயவன் மூன்று மூட்டை உப்பை ஏற்றினான். இரண்டு பின் சீட்டில், ஒன்று முன்னால்.

கட்டிலில் கிடந்தபடி ஞானாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் மாயவா, அதுல எது நானு?"

"ஜன்னலோரம் இருக்கறது."

"என்னைவிடச் சதை போட்டிருக்குதுடா."

வசந்தாவும் சிரித்தாள். "என்னை மட்டும் ஏங்க ஓட்டைக் கோணியில கட்டியிருக்கீங்க?"

ஒரு பகல் முழுக்க ஆண்ட்ரூஸ் மாட்டினார், கழற்றினார். மெத்தென்ற கிட்டில் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் அடி தட்டியது. லோடு கிட்டில் கரைப் பாதை தார் ரோடு போலப் போனது. பின் சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டு ஆண்ட்ரூஸ் பீடி பற்றவைத்தார். ஓடுகிற வண்டியில், பள்ளத்தின் மேலேயே, ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. "வசந்தா அக்கா மேல சாயுறா பாரு, கொஞ்சம் நிமிர்த்து" என்று மாயவனே கேலி பேசினான். கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இதான் ஆண்ட்ரூஸு. இதையே வச்சுடு."

மூட்டைகளும் ஆட்சேபம் சொல்லவில்லை.

[இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இருக்கட்டும்.]

5

பயிற்சிக்குப் போக வேண்டிய முதல் நாளும் உப்பளத்தில் பருவத்தின் முதல் வாரமும் ஒன்றாக வந்தன.

"இன்னிக்கு மட்டும் நீங்க பார்த்துக்குங்க. மேஸ்திரி ஆளாளுக்குப் பாத்தி வரிசை பிரிக்கிற நாளு" என்றாள் வசந்தா. சடையப்பனை லாரி லோடுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அடுத்த வாட்டி கண்டிப்பா வர்றேன்பா" என்று சைக்கிளில் கடந்துகொண்டே சொன்னான்.

மாயவன் அக்காவைத் தானே தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினான். அவள் கையில் கனக்கவில்லை. அதைக்கூட அவன் நல்லதாகத்தான் நினைத்தான்.

முதல் பள்ளத்தில் வண்டி இறங்கவில்லை, எகிறியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்று பேரைச் சுமக்கக் காத்திருந்த ஸ்பிரிங், கிடைத்த ஒருத்தியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாயவன் கண்ணாடியில் பார்த்தான். ஞானாம்பாள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். அவன் பார்ப்பதைக் கண்டதும் எடுத்துவிட்டாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடா. உசரமா இருக்குது, நல்லா இருக்குது. உப்பளம் மொத்தமும் தெரியுது."

கிட்டு வாங்கியவன் தம்பி. ஒரு பகல் முழுக்க அலைந்து தேர்ந்தெடுத்தவனும் அவன். தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் வண்டி சரியில்லை என்று எப்படிச் சொல்வாள்? மாயவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள அவன் விரும்பவில்லை. 'இல்லடா' என்ற சொல் அவனுக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம், பயிற்சி கொடுக்கும் பெண் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "வீட்லேர்ந்து வரும்போதே உடம்பை இரும்பு மாதிரி இறுக்கிக்கினு வர்றாங்க. அதைத் தளர்த்தவே எனக்குப் பாதி நேரம் போவுது. வர்ற வழியில இன்னா பண்றீங்க நீங்க?"

அவன் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். ஆண்ட்ரூஸ் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"காலியா ஓட்டறியா?"

"அக்கா இருக்குது."

"அக்காவைச் சொல்லல. மீதி ரெண்டு பேர் எங்க?"

"வேலை இருக்குதுபா அவங்களுக்கு."

"மெத்து கிட்டு மாட்டினா அடி தட்டும், அதுவும் உங்க அக்காவுக்குத்தான் குத்தும். லோடு கிட்டுக்கு லோடு வேணும்." ஆண்ட்ரூஸ் மறுபடி அடியில் போய்க்கொண்டே சொன்னார்: "ஆளு வரலன்னா ரெண்டு மூட்டையைப் போட்டுக்கோ."

அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். கிண்டல்தான் என்பதை வகுப்பில் இரண்டு தடவை சொன்னார், என்னிடம் தனியாக மூன்றாவது தடவையும் சொன்னார்.

6

கொஞ்சம் நிறுத்துகிறேன். வசந்தாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் பிரதியில் அவளைக் கல்நெஞ்சுக்காரி ஆக்கியிருந்தேன். நாத்தனாருக்காக அரை நாள் விடாதவள், வெடுவெடு என்று பேசுகிறவள். அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒரு சண்டை எழுதி, "உங்க அக்காவுக்கு அடுத்து என் இடுப்பு உடையணுமா?" என்றும் பேசவைத்திருந்தேன். எங்கே கேட்டேன் என்று யோசித்தால் எங்கேயும் கேட்கவில்லை. இப்படி ஒரு பெண் இருந்தால் கதை நகரும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அடுத்த வகுப்பில் ஆண்ட்ரூஸிடம் கேட்டேன். "அந்தம்மா ஏன் ஒரு நாள்கூடப் போகல?"

அவர் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "அது ரெண்டு வரிசை வாருது தம்பி. தன்னுது ஒண்ணு, நாத்தனாருது ஒண்ணு."

உப்பளத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைப் பாத்தி. ஆள் வராவிட்டால் மேஸ்திரி அதை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார், பிறகு கிடைக்காது. ஞானாம்பாள் எழுந்து நடக்கிற நாளில் அவளுக்கு வரிசை இருக்க வேண்டும் என்றுதான் வசந்தா விடிவதற்கு முன்பே போய் அவளுடைய பாத்தியையும் வாரிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வராவிட்டாலும் இரண்டு வரிசையும் போகும்.

"சடையப்பன்?"

"அவன் சும்மா வரல."

ஆக, இந்தக் கதையில் கெட்டவனாக சடையப்பன் ஒருவன்தான் மிஞ்சுகிறான். அவனும் பெரிய கெட்டவன் இல்லை.

7

மாயவன் மூட்டைகளைப் போட்டான்.

ஒன்று முன் சீட்டில், ஒன்று பின்னால் அக்காவின் காலடியில். கரைப் பாதையில் வண்டி தொட்டில் போல இறங்கி ஏறியது. ஞானாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் காருக்குள் குனிந்து பார்த்தான்.

"இன்னாபா, உப்புக்கும் ஓபி சீட்டு போடணுமா?"

ஞானாம்பாளே சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாகக் கால் ஒரு சாண் மேலே எழும்பியது. பயிற்சி கொடுக்கும் பெண் கை தட்டினாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மாயவனுக்கு வாயெல்லாம் பல். ஊர் பூராவும் சொன்னான், ஆண்ட்ரூஸிடம் ஓடிவந்து சொன்னான். "நீ கிண்டல் பண்ணினாலும் கரெக்டா சொன்னேபா!"

வகுப்பில் சிரித்த கதை இங்கே முடிகிறது. இதற்கு அப்புறம் நடந்ததை ஆண்ட்ரூஸ் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் பயிற்சி முடிந்து வீடு திரும்பியபோது வசந்தாவும் உப்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். கால் முழங்கால் வரை வெளுத்திருந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தாள். மூட்டை அவள் உட்கார வேண்டிய இடத்தில் கிடந்தது.

"நல்லதாப் போச்சு. மேஸ்திரி கேட்டா நான் கார்லதான் போயிருக்கேன்னு சொல்லிக்கறேன்."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது. அப்படியே வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். மாயவன் அக்காவைத் தூக்கக் குனிந்தான்.

"செவ்வாய்க்கிழமை வேணாம்டா" என்றாள் ஞானாம்பாள்.

"ஏன்? டாக்டர் லீவா?"

"இனிமே வேணாம்."

"இப்பத்தான் வலி இல்லியேக்கா!"

"இல்லடா. அதான்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நான் பேசவைத்தேன். "மூணு பேருக்குன்னு பார்த்து வச்ச வண்டி. ரெண்டு பேருக்கு பதிலா உப்பு வந்தா போதும்னு ஆயிடுச்சு. மூணாவதுக்கும் ஒரு மூட்டை போட்டுக்கோ. நான் வீட்ல இருக்கேன்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தேன்.

ஞானாம்பாள் இதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவளாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே வலிக்கிறது என்று சொல்லியிருப்பாள். அவள் வாயில் என்னுடைய கோபத்தைப் போட்டிருக்கிறேன். அடித்துவிட வேண்டும். அடிக்க மனம் வரவில்லை. நீங்கள் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

8

முடிவுகள்.

முடிவு ஒன்று: மாயவன் லோடு கிட்டைக் கழற்றிவிட்டு வேறு கிட்டு போடுகிறான். இதை எழுதிப் பார்த்தேன். வண்டி நன்றாகப் போகிறது, பின் சீட்டில் ஞானாம்பாள் இல்லை. ஸ்பிரிங் மாற்றினால் சரியாகிற நிலையைக் கதை எப்போதோ தாண்டிவிட்டது. நான்தான் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு: மேஸ்திரி மனம் இரங்கி, "நீ போயிட்டு வா வசந்தா, வரிசையை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

முடிவு மூன்று: சடையப்பன் மனம் திருந்தி—

வேண்டாம்.

முடிவு நான்கு: அடுத்த மழை வருகிறது. டாக்டர் சொன்னது நடக்கிறது. வசந்தா இரண்டு வரிசையையும் வாரிக்கொண்டே இருக்கிறாள், யாருக்காக என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. நான் சந்தேகப்படாமல் எழுத முடிந்த முடிவு இது ஒன்றுதான். அதனாலேயே இதை வைக்க மாட்டேன். இதுவரை மாயவன் எது சுலபமோ அதை நம்பினான், நானும் எது சுலபமோ அதை எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியிலாவது வேண்டாம்.

9

ஆண்ட்ரூஸ் சொன்னதில் பாக்கி இருப்பது செவ்வாய்க்கிழமைக் காலை மட்டும். மாயவன் அவரையும் வரச் சொல்லியிருந்தான், அக்காவிடம் எடுத்துச் சொல்ல. அவர் வாசலில் பைக்கை நிறுத்தியபோது கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கதவுகள் திறந்திருந்தன, உள்ளே யாரும் இல்லை. ஞானாம்பாள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வசந்தா கையில் தூக்குச்சட்டியோடு படியில் நின்றாள். உப்பளத்தில் ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாயவன்.

"ஏறு வசந்தா" என்று அவன் சொன்னால் இரண்டு வரிசையும் போகும். அப்புறம் அக்கா எழுந்து நடந்தாலும் நடந்து போக ஓர் இடம் இருக்காது. சொல்லாவிட்டால் அக்கா திரும்பிப் படுத்தபடியே இருப்பாள்.

"யாரும் ஒண்ணும் பேசல தம்பி. என்னால அங்க நிக்க முடியல. வந்துட்டேன்" என்றார் ஆண்ட்ரூஸ். அதற்கப்புறம் மாயவன் ஒர்க்‌ஷாப் பக்கம் வரவில்லையாம். இவரும் போய்ப் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்திருக்கலாம். அந்த வீடு நான் வகுப்புக்குப் போகிற பாதையிலிருந்து அப்படியொன்றும் தூரம் இல்லை.

அந்த வாசலில் மாயவனுக்காக நான் எழுதிய வாக்கியங்கள் நிறைய. எதையும் அவன் சொல்லவில்லை. ஒரு தடவை வசந்தாவைக் காரில் ஏற்றினேன், பாதி வழியில் இறங்கிப் பாத்திக்கு ஓடினாள். ஒரு தடவை ஞானாம்பாளைத் திரும்பிப் பார்க்கவைத்தேன். அவள் மாயவனைப் பார்க்கவில்லை, வசந்தாவின் வெளுத்த காலைப் பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆண்ட்ரூஸைப் போல நானும் இங்கிருந்து கிளம்புகிறேன். நீங்கள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவரைப் பேசவைத்தால் போதும். யாரைப் பேசவைத்தாலும் வேறொருத்தி எதையாவது இழப்பாள், அதைத் தெரிந்துகொண்டு பேசவையுங்கள். சீக்கிரம் செய்யுங்கள். மேஸ்திரி பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.